பின்பக்கம் கதவு வைத்த வண்டி

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. டிராக்டருக்கு டிரெய்லர் கட்டுவது தொழில். வல்லத்திலும் அவலூர்பேட்டையிலும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் போகிற டிரெய்லர்களில் பாதி நான் கட்டியவை. மீதிப் பாதி நன்றாக ஓடுகின்றன. இதை நான் சொல்லலாம். வேறு எவனாவது சொன்னால் சுத்தியலோடு போவேன்.

என் கோபத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டை இழுத்துக்கொண்டு கோட்டை பார்க்க வந்தவர்கள், ராஜகிரி மலை ஏறுவதற்கு முன்பே நம் ஊர் வேகத்தடையிடம் தோற்று, விரிசல் விட்ட கொக்கியோடு என் பட்டறைக்கு வந்து நின்றார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். அந்த வெள்ளைக்காரம்மா இவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் திறந்து திறந்து காட்டியிருக்கிறாள். மடக்குக் கட்டில், அடுப்பு, திரைச்சீலை, மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் இன்னொரு மேசை. இவள் வெளியே வந்து சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வீட்டில் எனக்குச் சோறு போடும்போதுதான் சொன்னாள்.

"உள்ளயே பாத்ரூம் வச்சிருக்காங்க. அந்தம்மா எங்க வேணா போவலாம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நாலு வருஷம் ஆகிறது. அவள் குடித்தனம் பண்ணுகிற வீட்டை இவள் பார்த்ததில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து இவளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. செஞ்சியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் எத்தனை ஒரு மணி நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்காக ரயிலிலும் போய்ப் பார்த்தாயிற்று. கக்கூஸ் கதவுக்கு முன்னால் ஏழு பேர் படுத்திருந்தார்கள். தாண்டிப் போனால் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ரயில் ஒரு ஆட்டு ஆட்டியதில் கதவும் நானும் சேர்ந்து உள்ளே போனோம். அதோடு ரயிலும் முடிந்தது.

மகள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது நான் மட்டும் போய் நின்றேன். சம்பந்தியம்மா, "அவங்க வரலையா?" என்று கேட்டதற்கு ஏதோ பல்லைக் காட்டிச் சமாளித்தேன். மகள் ஆரம்பத்தில் ஒவ்வொரு போனிலும் "எப்பம்மா வருவே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன தீபாவளிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்பதோடு சரி. அவள் கேட்காமல் விட்டதுதான் இவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே நான் ஒரு வீடு கட்டினேன். சக்கரம் வைத்த வீடு. ஆறு மாசம் பட்டறையில் வந்த வேலையை எல்லாம் தள்ளிப்போட்டேன். ஆங்கிள் சட்டம், தகடு, ஏறி இறங்கப் பக்கவாட்டில் ஒரு கதவு, உள்ளே பலகை, கட்டில், ஃபேன், கேஸ் அடுப்பு வைக்க ஒரு மேடை, அதற்கு மேலே சாமி படத்துக்கு ஒரு தட்டு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. என் பழைய ஜீப் அதை இழுக்கும். அப்புறம் அந்த முக்கியமான அறை. அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக் கக்கூஸுக்கு வாசல் வைக்க மாட்டோம். அது கொல்லையில் இருக்கும், வாசல் கொல்லையைப் பார்த்து இருக்கும். வண்டிக்கும் அதே போல் வால் பக்கத்தில் தடுத்து, பின்னாலிருந்து திறக்கிற மாதிரி கதவு வைத்தேன். உள்ளிருந்து அதற்கு வழி கிடையாது. நான் வாழ்நாள் முழுக்க டிரெய்லருக்குப் பின்கதவு போட்டவன். கீல் வைப்பதில் என்னை அடிக்க இந்தத் தாலுக்காவில் ஆள் இல்லை. சாமிக்கும் குறையில்லை, அடுப்புக்கும் தீட்டில்லை என்று எனக்கு ஒரே பெருமை. இதில் இவளை ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. அனுபவசாலி யாரைக் கேட்பான்!

கிளம்பின அன்று காலையிலேயே தெருவில் கூட்டம். "இன்னாண்ணே, ஐஸ்கிரீம் வண்டியா?" என்றான் டீக்கடைக்காரன். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்த ஒருவர் இறங்கி நின்று, "கண் ஆஸ்பத்திரி வண்டி வந்துருக்குது போல, எங்கம்மாவ இட்டாரட்டுமா?" என்றார். நான் எல்லோருக்கும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டு ஸ்டைலாக வண்டியை எடுத்தேன். எடுத்த வேகத்தில் கரண்ட் கம்பத்தில் ஒரு உரசல். சின்னதுதான்.

விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை வருவதற்குள் இவள் நெளிய ஆரம்பித்தாள். நான் ராஜா மாதிரி ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். "போய்ட்டு வா. தண்ணி இருக்குது, பக்கெட்டு இருக்குது, சோப்புகூட வச்சிருக்கேன்."

இறங்கிப் பின்னால் போனாள். கண்ணாடியில் பார்த்தேன். கதவில் கை வைத்தாள். பின்னால் வந்த லாரி வேகம் குறைந்தது. கிளீனர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறான். அதற்குப் பின்னால் ஒரு பஸ். பஸ்ஸில் ஜன்னலுக்கு ஒரு தலை. இவள் கையை எடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்வது போலப் பாவனை பண்ணிக்கொண்டு முன்னால் வந்து ஏறிவிட்டாள்.

"இன்னா ஆச்சு?"

"ஆளுங்க பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டுமே. கதவச் சாத்திக்கினா யாருக்குத் தெரியப் போவுது?"

"தெறக்கும்போது தெரியுதில்ல? இதுக்குத்தான் போறான்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்குது. நீங்க போய்ட்டு வாங்க மொதல்ல, பாக்கறேன்."

போனேன். நமக்கென்ன கூச்சம்? உள்ளே போய்விட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன், நேர் எதிரே ஒரு டிராக்டர் நிற்கிறது. டிரெய்லர் நிறைய நடவுக்குப் போகிற பெண்கள். இருபது ஜோடிக் கண்கள். அதில் ஒருத்தி, "யோவ், இன்னாய்யா அதுக்குள்ள படமா ஓடுது? எங்களுக்கும் ஒரு டிக்கெட்டு குடு!" என்றாள். வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். செஞ்சியில் என் வாய்க்குப் பயந்து வேறு டீக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அன்றைக்கு நான் பேன்ட் ஜிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஓடி வந்து ஜீப்பில் ஏறினேன்.

வீட்டுக்குப் பின்பக்கம் கொல்லை உண்டு. ரோட்டுக்குப் பின்பக்கம் கிடையாது. எனக்குப் பின்னால் இருப்பது அடுத்த வண்டிக்கு முன்னால். இந்தச் சின்னக் கணக்கு ஆறு மாசம் ஆங்கிள் வெட்டியவன் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுகூட என் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊர் மேலேதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? அங்கிருந்து ஒரு பெட்ரோல் பங்குக்குப் போனோம். 'பெண்கள்' என்று பெரிய எழுத்தில் படத்தோடு போட்டிருக்கிறது. கீழே ஒரு பூட்டு.

"சாவி மேனேஜர்கிட்ட இருக்குது சார்."

"மேனேஜர் எங்க?"

"சாப்புடப் போயிருக்காரு."

"காலைல பத்து மணிக்கு இன்னாய்யா சாப்பாடு?"

"அவரு லேட்டாத்தான் சார் டிபன் சாப்புடுவாரு."

நான் போட்ட கூச்சலில் சாவி வந்தது. எங்கிருந்து தெரியுமா? அந்த ஆளின் சட்டைப் பையிலிருந்தே. திறந்தால் உள்ளே பழைய டயர்களும் ஒரு மோட்டார் சைக்கிளும். பெண்கள் படம் போட்ட அறைக்குள் மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து பஸ்கள் நிற்கிற ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே பூட்டு இல்லை. பூட்டியிருந்தாலே தேவலை என்று இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாலு வழிச் சாலை போட்டிருக்கிறார்கள். நடுவில் அரளிச்செடி வளர்த்து, அதற்கு லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். செடிக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் போகிறது. அதே ரோட்டில் போகிற பெண் குடித்த தண்ணீரை எங்கே விடுவது என்று இவ்வளவு பெரிய ரோடு போட்ட ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. ஆம்பளைக்கு என்ன, மரம் தெரிந்தால் போதும். மரம் இல்லாவிட்டால் சுவர். இங்கே போகக் கூடாது என்று எழுதியிருக்கிற சுவர் என்றால் இன்னும் சௌகரியம், இடம் தேட வேண்டியதில்லை. நானும் அந்த ஜாதிதான். இதையெல்லாம் நான் ஸ்டீயரிங்கைக் குத்திக் குத்திச் சொல்லிக்கொண்டு வந்தேன். இவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு சிற்றூரில், வாசல் பெருக்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மாவிடம் இறங்கிப்போய்க் கேட்டு, அவர்கள் வீட்டில் போய்விட்டு வந்தாள். திருச்சியில் எனக்குத் தெரிந்த ரைஸ் மில்காரர் வளாகத்தில் வண்டியைப் போட்டுத் தங்கினோம். அங்கே அவர்கள் வீட்டில் போய்க்கொண்டாள். வண்டியின் கதவை அவள் தொடவே இல்லை.

மறுநாள் மதுரை தாண்டி, விருதுநகர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. இன்று ஒன்றும் தொந்தரவே இல்லை, வண்டியை நிறுத்தச் சொல்லவே இல்லை, பழகிவிட்டது போலும் என்று எனக்குச் சந்தோஷம். சாத்தூர் தாண்டினதும் இவள் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. தூக்கம் என்று நினைத்தேன். தொட்டால் கை சில்லென்று இருக்கிறது. உதடு காய்ந்து வெள்ளை பூத்திருக்கிறது. காலையில் நான் நிரப்பி மடியில் கொடுத்த தண்ணீர் பாட்டில் கழுத்து வரைக்கும் அப்படியே நிற்கிறது.

ஒரு வேப்பமரத்தடியில் ஓரம் கட்டினேன்.

"தண்ணியே குடிக்கலியா நீ?"

"குடிச்சா போவணுமே."

"போறதுக்குத்தானே வண்டி கட்டியிருக்கேன்!"

"திரும்பிடலாங்க," என்றாள். "முடியல. ஊருக்குப் போயிடலாம். அவதான் கூப்புடறதே இல்லியே. உட்டுடுங்க."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. ஆறு மாச உழைப்பு, பட்டறையில் விட்ட வேலை, நான் வைத்த கீல், நான் வாங்கி வைத்த சோப்பு எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். "பத்து பேரு பாத்தா இன்னாமே? உன்ன யாருன்னே தெரியாது அவனுங்களுக்கு. அவ்ளோ ரோசமா?"

அவள் கத்தவில்லை. "அவனுங்களப் பத்தி எனக்கின்னா? ஊருக்குப் போனதும் நீங்க டீக்கடையில சொல்லுவீங்க. இவ கதவத் தெறந்தா, பஸ்ஸு நின்னுது, இவ ஓடியாந்தான்னு. நடிச்சிக்கூடக் காட்டுவீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"திண்டிவனம் பஸ்ஸுல இன்னா சொன்னீங்க?"

அதை நான் எழுதாமலே தாண்டிவிடலாம் என்று இருந்தேன். ஆபரேஷன் ஆன அடுத்த வருஷம் மெட்ராஸ் பஸ்ஸில் போனோம். திண்டிவனம் தாண்டினதும் இவள் என் காதில் சொன்னாள். நான் கண்டக்டரிடம் போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, நம்மூட்டு வண்டி ரேடியேட்டர் ஒழுவுது, கொஞ்சம் ஓரங்கட்டுங்க!" என்றேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. இவள் அத்தனை பேருக்கும் நடுவில் இறங்கி, முள்ளுச்செடிக்குப் பின்னால் போய்விட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் ஏறி வந்தாள். ஏறும்போது ஒருவன் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்தான். அதற்கும் நான் சிரித்தேன். அப்புறம் அந்த ஜோக்கை நான் செஞ்சியில் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நல்ல ஜோக். எல்லா இடத்திலும் எடுபட்டது. அதற்குப் பிறகு இவள் பஸ் ஏறவில்லை. முழங்கால் வலி என்றாள், தலை சுற்றல் என்றாள், நானும் கொஞ்ச நாள் அதையே நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ரோடு போட்டவன், பங்க்காரன், கிளீனர், பஸ் ஜன்னல் தலைகள் என்று முந்தின நாளிலிருந்து வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தேனே, வரிசையில் முதல் ஆளை விட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "உள்பக்கமா கதவு வச்சித் தரேன்," என்றேன். "யாருக்கும் தெரியாது. உள்ளயே ஏறி, உள்ளயே போய்ட்டு வரலாம். திரும்ப வாணாம்."

கோவில்பட்டிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பட்டறை இருந்தது. முதலாளிக்கு என் வயசு. அவர் மனைவி இவளைப் பார்த்ததுமே, "என்னக்கா இப்படி வாடிப் போயிருக்கீய?" என்று கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள். உள்ளே ஒரு சொம்பு மோர் போயிற்று, அப்புறம் இன்னொன்று. எனக்கு மூச்சு வந்தது.

பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். தகடு தட்டிப் பார்த்தார். கீலை ஆட்டிப் பார்த்தார். தொழில்காரன் பார்வை எனக்குத் தெரியாதா?

"வெல்டிங் நல்லா இருக்கு அண்ணாச்சி. யார் கட்டுனது?"

"நான்தான்."

"அப்போ இதென்ன, கக்கூஸுக்குப் போயி ரோட்டப் பாத்து வாசல் வச்சிருக்கீய? போற வாறவன் எல்லாம் கும்புடதுக்கா?"

அவரிடம் வேலை செய்கிற இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் நாக்கு அரித்தது. சொல்வதற்கு மூன்று ஜோக் நுனியில் நின்றது. மூன்றிலும் என் பெண்டாட்டி இருந்தாள். மூன்றும் நிச்சயம் எடுபடும். இவள் மோர்ச் சொம்போடு வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாக் கட்டிட்டேன்," என்றேன். "யோசிக்காம கட்டிட்டேன் அண்ணாச்சி. நடுவுல வெட்டணும். உங்க கட்டிங் மிஷின் குடுங்க."

ஒரு தொழில்காரனிடம் இன்னொரு தொழில்காரன் இதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று தொழில்காரனுக்குத்தான் தெரியும். அவர் சிரிக்கவில்லை. மிஷினை எடுத்து வந்தார்.

அளவெடுத்தால் இன்னொரு வில்லங்கம். கதவு வர வேண்டிய இடத்தில் அடுப்பு மேடை. மேலே சாமி. அந்த மேடைக்கு நான் கல் பதித்திருந்தேன். ஓரத்துக்கு எவர்சில்வர் பட்டை அடித்திருந்தேன்.

"அடுப்பக் கழட்டுங்க," என்றாள் இவள்.

"கழட்டிட்டா சோத்துக்கு?"

"கடையில துன்னுங்க. இத்தினி வருசம் வூட்டுல துன்னது போதும்."

"சமையக்கட்டப் பாத்துக் கக்கூஸு வாசல் கூடாதுன்னு உனக்கோசரம்தானே நான் பின்னால வச்சேன்!"

"எனக்கோசரமா? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?" சொம்பைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள். சாமி படத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். "சாமி முன்னாடி வரட்டும். காத்தோட்டமா இருக்கும்."

மேடையைப் பெயர்த்தோம். கல் உடைந்தது. பலகைத் தடுப்பை அறுத்து, பின்கதவையே கழற்றி வெட்டிச் சின்னதாக்கி உள்ளே மாட்டினேன். பின்னால் இருந்த வழியைத் தகடு வைத்து மொத்தமாக அடைத்தோம். என் அருமையான கீல்கள் இரண்டு மிச்சமாயின. பட்டறைக்காரருக்கே கொடுத்துவிட்டேன். அடுப்பை அவர் மனைவி எடுத்துக்கொண்டாள். அதுவும் பெருந்தன்மையாக நான் கொடுத்ததில்லை. இவள் கொடுத்தாள்.

கிளம்பி அரை மணி நேரம் கழித்து, "ஓரங்கட்டுங்க," என்றாள். ரோட்டோரம் நிறுத்தினேன். இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வண்டிக்குள் ஏறினாள். பின்னால் ஒரு பஸ் வந்தது, போனது. ஒரு தலையும் திரும்பவில்லை. ஒரு பெண் தன் வண்டிக்குள் ஏறுவதில் பார்க்க என்ன இருக்கிறது? நான் சாமியையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"சோப்பு நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க," என்றாள்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஒருத்தி பெற்ற மகளைப் பார்க்கப் போக, செஞ்சியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் ஒரு கக்கூஸைக் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதைக் கட்டத் தெரிந்த புருஷன் வேண்டும். கட்டியதைத் திருத்தத் தெரிந்த இன்னொருத்தர் வேண்டும். பட்டறை இல்லாதவன் பெண்டாட்டி என்ன செய்வாள்? தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுவாள், இல்லாவிட்டால் முழங்கால் வலி என்பாள். யாரிடம் போய்க் கேட்பது இதை? ஸ்டீயரிங்தான் கிடைத்தது. குத்தினேன்.

நாங்குநேரி தாண்டினதும் இவள் போனை எடுத்தாள். மகளுக்கு நாங்கள் வருவதே தெரியாது. கிளம்பிவிட்டுப் பாதியில் திரும்பினால் என்ன செய்வது என்று இவள் சொல்லாமலே வைத்திருந்தாள்.

"நான்தான்டி," என்றாள். "வந்துகினு இருக்கோம். ஆமாம், நானுந்தான். நாங்குநேரி தாண்டியாச்சு... நெஜமாத்தான் சொல்றேன், பொய்யா சொல்றேன்?"

நான் போனுக்குக் கை நீட்டினேன். "நைனா பேசறேன்னு சொல்லு. நம்ம வண்டியப் பத்திச் சொல்றேன், குடு."

கையைத் தட்டிவிட்டாள்.

"எதுக்குடி அழுவுற? அழுதுகினு நிக்காத. போய் ஒலைய வையி. உங்க நைனா காலையிலருந்து ஒண்ணும் துன்னல."